புஷ்பக் விமானங்களையும் பறக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிலிருந்து விலக்கப்பட்ட விமானம் ஒன்றைப் பூங்காவிலோ கல்லூரி வாசலிலோ பீடம் கட்டி ஏற்றி, புதுச் சாயம் பூசி, பிரமுகர் ஒருவர் திறந்துவைக்கும் செய்தி நம் நாளிதழ்களில் அவ்வப்போது படத்துடன் வெளிவருகிறது. அத்தகைய செய்திகளை நான் விரும்பிப் படிப்பவன்தான். ஆனால் பழைய சிறு விமானங்களின்மீது பற்றுக்கொண்ட பொழுதுபோக்கு விமானிகளும் விமானம் பார்க்கும் ஆர்வலர்களும் வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள், அவர்களுக்குச் சட்டம் எவ்வாறு இடங்கொடுக்கிறது, புஷ்பக் போன்று நம் நாட்டிலேயே உருவான சிறு விமானங்களுக்கு அந்த வாழ்வு ஏன் கிட்டவில்லை என்பவை பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை. அது குறித்துச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழின் வாயிலாக வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இந்திய விமானப் பதிவேட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பதிவெழுத்துகளிலிருந்து தொடங்குகிறேன். முதலாவது, வி.டி.-ஏ.டி.என். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹூவுக்கு அஞ்சல் மூட்டையுடன் ஓட்டிவந்த டி ஹாவிலண்ட் புஸ் மாத் விமானத்தின் பதிவெழுத்து அது. அந்த அஞ்சலைப் பம்பாயில் பெற்றுக்கொண்ட நெவில் வின்சென்ட், பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஏர் இந்தியாவின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இந்தப் பயணத்திலிருந்தே தொடங்குவதால் வி.டி.-ஏ.டி.என். ஓரளவு புகழ்பெற்றுவிட்டது. அதற்கு அடுத்ததான வி.டி.-ஏ.டி.ஓ.வைப் பற்றித்தான் இங்கே யாரும் பேசுவதில்லை.

அது கோம்பர் ஸ்விஃப்ட் என்னும் ஒற்றை இருக்கை விமானம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 24 அடிதான். ஏறத்தாழ 75 குதிரைத்திறன் கொண்ட பாப்ஜாய் எஞ்சின். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல். கொட்டகையில் இடம் அடைக்காமலிருக்க மடித்து வைக்கக்கூடிய இறக்கைகள். இந்தியாவில் தேயிலைத் தோட்டம் நடத்திவந்த ஆல்பன் அலி என்பவர் இதை வாங்கி, சிவப்புத் தேவதை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் சூட்டி, 1933 பிப்ரவரியில் தில்லியில் நடந்த வைஸ்ராய் கோப்பைப் போட்டியில் பறந்தார். அதே போட்டிக்காக இங்கிலாந்திலிருந்து மற்றொரு ஸ்விஃப்ட்டைத் தாமே ஓட்டிக்கொண்டு இந்தியாவரை வந்த இளைஞர் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த். அந்த ஆண்டே வி.டி.-ஏ.டி.ஓ.வும் வான்வழியே இங்கிலாந்து சென்று, பின்னர் ஜி-ஏ.சி.டி.எஃப். என்று பிரிட்டிஷ் பதிவெழுத்துக்கு மாறி அங்கேயே தங்கிவிட்டது. ஷட்டில்வொர்த் 1940-ல் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியபோது விபத்தில் இறந்தார். அவருடைய தாயார் 1944-ல் மகனின் நினைவாக ஓர் அறக்கட்டளை நிறுவினார். பெட்ஃபோர்டுஷயரில் ஓல்டு வார்டன் என்னும் சிற்றூரின் புல்தரை ஓடுபாதையில் அந்த அறக்கட்டளை பராமரிக்கும் விமானத் தொகுப்பில்தான் வி.டி.-ஏ.டி.ஓ. இன்று இருக்கிறது, அதுவும் பறக்கும் நிலையில். தில்லியில் எதிரெதிரே போட்டியிட வந்த இரண்டு ஸ்விஃப்ட்டுகளில் ஒன்று, போட்டியாளர் ஒருவரின் பெயரால் அமைந்த தொகுப்பிலேயே கடைசியில் அடைக்கலம் பெற்றது.

ஓல்டு வார்டனில் இதைவிட முதிய விமானங்களும் உண்டு. 1909-ஆம் ஆண்டின் பிளேரியோ ஒன்று, காற்று முற்றிலும் அடங்கிய மாலைப்பொழுதுகளில் மட்டும், ஓடுபாதையின் நீளத்துக்குத் தரையிலிருந்து சில அடி உயரம் எழும்பி இறங்கும். 1934-ல் லண்டனிலிருந்து மெல்போர்ன்வரை நடந்த போட்டியில் வென்ற செந்நிற டி.எச். 88 காமெட்டும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் போட்டியின் கட்டாயத் தங்கல்களுள் அலகாபாத்தும் ஒன்று. இந்த விமானங்கள் பறந்து காட்டும் நாள்களில் கட்டணம் செலுத்திப் பார்க்க வருவோரால்தான் பராமரிப்புச் செலவின் ஒரு பகுதி ஈடாகிறது. விமானம் பறந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் அடுத்த ஆண்டு எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடப் பணமிருக்கும் என்ற எளிய கணக்கு அங்கே எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது.

இவ்விமானங்களில் அப்படி என்ன ஈர்ப்பு என்று கேட்போருக்கு டைகர் மாத் விமானத்தையே விடையாகச் சொல்வேன். 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த இது, ஏறத்தாழ 8,800-க்கும் மேல் தயாரிக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனிலும் அதன் ஆளுகைக்குட்பட்ட நாடுகளிலும் விமானிகளுக்கு அரிச்சுவடி கற்றுக்கொடுத்தது. ஐதராபாத் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்த பயிற்சிப் பள்ளிகளில் நம் விமானப்படை இளைஞர்கள் கற்றதும் இதில்தான். இதில் பிரேக் கிடையாது. வாலின் அடியில் சக்கரத்துக்குப் பதில் தரையைக் கீறிச்செல்லும் ஓர் இரும்புக் கட்டைதான் இருக்கும். முன்னிருக்கையிலுள்ள பயிற்றுநர் பின்னிருக்கையிலுள்ள மாணவருடன் பேசுவது ஒரு ரப்பர் குழாயின் வழியாக. எஞ்சினைக் கிளப்ப ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றவேண்டும். அவருடைய உயிருக்குப் பாதுகாப்பாக, மின்பொறி இணைப்பின் சுவிட்சுகளை விமானத்தின் வெளிப்புறத்திலேயே, அவர் கண்ணுக்குப் படும்படி வைத்திருக்கிறார்கள். மேல் இறக்கை சற்று முன்தள்ளியும் பின்னோக்கிச் சாய்ந்தும் இருப்பதற்குக் காரணம் அழகன்று: ஆபத்து நேர்ந்தால் முன்னிருக்கைக்காரர் பாராசூட்டுடன் தடையின்றி வெளியே குதிக்க வழிவிடவே மேல் இறக்கை முன்னே நகர்த்தப்பட்டது, அதனால் குலைந்த எடைச் சமநிலையை மீட்கவே இறக்கைகள் பின்னோக்கிச் சாய்க்கப்பட்டன. ஒவ்வோர் உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ள முடிகிற பொறி இது. திரைகளாலும் கணினிகளாலும் இயங்கும் இன்றைய விமானத்தில் அந்த வாய்ப்பு இல்லை. (இதன் ஜிப்ஸி மேஜர் எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டவில்லையென்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்பது அதை வைத்திருப்பவர்களிடையே வழங்கும் வேடிக்கைப் பேச்சு.)

இது பணக்காரர்களின் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. முழுவதும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆயினும் பிரிட்டனில் இத்தகைய விமானங்கள் பலவற்றை ஐந்து பேரோ பத்துப் பேரோ கூட்டுச் சேர்ந்து வாங்கி, செலவைப் பங்கிட்டு, வார இறுதிகளில் முறைவைத்து ஓட்டுகிறார்கள். அவர்களுள் ஆசிரியர்களும் மின்பணியாளர்களும் இருக்கிறார்கள். இதற்கு வழிசெய்வது அங்குள்ள அனுமதி முறை. பயணிகள் விமானத்துக்குரிய தகுதிச் சான்றிதழை இந்தப் பழைய சிறு விமானங்கள் பலவற்றிடம் அவர்கள் கேட்பதில்லை. பறப்பதற்கான அனுமதி என்றொரு தனி ஆவணத்தை வழங்குகிறார்கள். சிறு விமானச் சங்கம் நியமித்த ஆய்வாளரின் கண்காணிப்பில் உரிமையாளரே பழுதுபார்க்கலாம். ஆய்வாளர் ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் பார்த்துக் கையொப்பமிடுவார். அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். வாடகைக்கு ஆள் ஏற்றிப் பறக்கக்கூடாது. அமெரிக்காவிலும் இந்த ஆர்வத்துக்குக் குறைவில்லை. விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் கூடும் விமானத் திருவிழாவில் 1945 ஆகஸ்ட் வரையிலானவை, 1955 வரையிலானவை, 1970 வரையிலானவை எனப் பழைய விமானங்களை வகைபிரித்து நிறுத்திப் பரிசளிக்கிறார்கள். பெட்ரோல் தொட்டியின் மூடிவழியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் அடியில் ஒரு தக்கையைக் கட்டி, அதையே எரிபொருள் அளவுகாட்டியாக வைத்திருக்கும் மஞ்சள்நிறப் பைப்பர் கப் விமானங்கள் அங்கே இன்றும் வரிசையாக வந்து இறங்குகின்றன.

விமானிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், வேலிக்கு வெளியே நின்று பதிவெண் குறிப்பவர்களை மறந்தவர்களாவோம். கையில் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக நிற்கும் இவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் கொட்டகையின் மூலையில் எண் அழிந்து கிடக்கும் ஓர் உடற்சட்டம் எந்த விமானத்துடையது, எந்த ஆண்டு எந்த நாட்டுக்கு விற்கப்பட்டது, எந்த நிறத்தில் இருந்தது என்பவற்றைச் செப்பனிடுவோர் தேடும்போது, அரசு ஆவணங்கள் கைவிட்ட இடத்தில் இவர்களுடைய குறிப்பேடுகளும் புகைப்படங்களும்தான் துணைநிற்கின்றன. 1948-ல் தொடங்கப்பட்ட ஏர்-பிரிட்டன் என்னும் ஆர்வலர் அமைப்பு, நாடுவாரியாக விமானப் பதிவேடுகளைத் தொகுத்து நூல்களாக வெளியிட்டு வருகிறது. போர்க்காலத்தில் வானத்தைப் பார்த்து விமான வகையை அடையாளங்காணும் பொதுமக்களின் திறமையை நாட்டின் பாதுகாப்புக்கே பயன்படுத்திக்கொண்ட நாடு பிரிட்டன். அந்தத் தன்னார்வக் கண்காணிப்புப் படைக்கு 1941-ல் அரசரின் பட்டமும் கிடைத்தது.

எல்லா நாடுகளும் இவர்களை அப்படிப் பார்ப்பதில்லை. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில், பிரிட்டனையும் நெதர்லாந்தையும் சேர்ந்த ஆர்வலர்கள் உளவாளிகள் என்ற ஐயத்தில் கைதுசெய்யப்பட்டு, 2002 ஏப்ரலில் தண்டிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில் அதே ஆண்டு நவம்பரில் விடுவிக்கப்பட்டனர். நம் தில்லியிலும் 2010-ல் பிரிட்டனைச் சேர்ந்த இருவர் விமான நிலையத்துக்கு அருகிலிருந்த ஹோட்டல் அறையிலிருந்து விமானங்களைக் கவனித்ததற்காகப் பிடிக்கப்பட்டு, இறுதியில் அபராதம் செலுத்தி ஊர் திரும்பினர். அரசு விமான நிலையங்களில் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் படமெடுக்கக்கூடாது என்பது 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆம் விதி. காலப்போக்கில் பயணிகளுக்குச் சில தளர்வுகள் கிடைத்துள்ளன என்றாலும், நிலையத்துக்கு வெளியே நங்கநல்லூரிலோ பல்லாவரத்திலோ ஒரு மொட்டைமாடியில் நீண்ட லென்ஸுடன் நிற்கும் கல்லூரி மாணவனுக்குத் தான் செய்வது குற்றமா இல்லையா என்ற தெளிவில்லை. மான்செஸ்டர் விமான நிலையம் ஓடுபாதையை ஒட்டி ஒரு பார்வையாளர் பூங்காவையே அமைத்து, வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மக்களை அமர்ந்து பார்க்கச் சொல்கிறது. ஆர்வலர்களுக்கென்று ஓரிடம் வகுத்துவிட்டால் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது காவலர்களுக்கும் தெரிந்திருக்கும் என்பது என் கருத்து.

இனி நம் விமானங்களுக்கு வருகிறேன். சிறு விமான ஆர்வத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். 1910-லேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தில் ஒரு விமானத்தைச் செய்வித்துப் பறந்து காட்டினார். 1930-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த பரிசுக்காக, இளைஞர் ஆஸ்பி இன்ஜினியர் ஒரு திசையிலும் ஜே.ஆர்.டி. எதிர்த்திசையிலும் மாத் விமானங்களில் பறந்தபோது, எகிப்தில் மாற்று மின்பொறிச்செருகி இல்லாமல் தவித்த ஆஸ்பிக்கு ஜே.ஆர்.டி. தம்மிடமிருந்ததைக் கொடுத்து உதவினார். பரிசை வென்றது ஆஸ்பிதான். பின்னாளில் அவர் நம் விமானப்படையின் தலைமைத் தளபதியானார். விடுதலைக்குப் பின் பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் (இன்றைய எச்.ஏ.எல்.) வி.எம். கட்டாகே தலைமையில் உருவாகி 1951-ல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும், 1958-ல் பறந்த புஷ்பக் விமானமும் நாமே செய்துகொண்டவை. புஷ்பக்கின் வடிவம் அமெரிக்க ஏரோன்கா விமானத்தைத் தழுவியது என்பது உண்மை. எனினும் 90 குதிரைத்திறன் எஞ்சினும் அருகருகே இரண்டு இருக்கைகளும் துணி போர்த்திய மேல் இறக்கையும் கொண்ட அந்த எளிய விமானம் நம் நாட்டு பிளையிங் கிளப்புகளுக்கென்றே ஏறத்தாழ 160 அளவில் தயாரிக்கப்பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கே தனியார் விமானி உரிமம் பெற்றவர்களுள் பலர் அதில்தான் கற்றார்கள்.

அவற்றுள் இன்று எத்தனை எஞ்சியிருக்கின்றன, எங்கெங்கே எந்த நிலையில் கிடக்கின்றன என்று ஒரே இடத்தில் பார்த்தறியும்படி ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். நம் விமானப்படை தன் பங்குக்கு ஒரு நல்ல தொடக்கம் செய்திருக்கிறது. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்ட டைகர் மாத் ஒன்று 2012-ஆம் ஆண்டு விமானப்படை நாளன்று ஹிண்டன் தளத்தின்மேல் பறந்தது. பின்னர் 2018-ல் டகோட்டா என்னும் பழைய போக்குவரத்து விமானம் ஒன்றும் வந்து சேர்ந்தது. பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட விமானத்தைப் பிரிட்டனுக்கு அனுப்பிப் புதுப்பிக்கலாம்; புஷ்பக்கையும் எச்.டி.-2-ஐயும் புதுப்பிக்க வெளிநாட்டில் யாரிடம் போய்க் கேட்பது? அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் நம் நாட்டில்தான் இருந்தன. இறக்கைச் சட்டத்தில் துணியை இழுத்துத் தைத்து, டோப் எனும் பூச்சைப் படிப்படியாகப் பூசி முறுக்கேற்றும் வேலை முதுமையடைந்துவிட்ட சிலரோடு போய்விடும் நிலையில் இருக்கிறது.

பீடத்தில் நிற்கும் விமானமும் ஊக்கம் தரும் என்று வாதிடுவோர் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் வைக்கப்பட்டிருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் தம்மை எவ்வளவு ஈர்த்தன என்று டாக்டர் அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டிருப்பது அவர்களுக்கு வலுவான சான்று. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அவை விமானத்தின் உள்ளமைப்புகளை மாணவர்களுக்கு விளக்குவதற்காக வைக்கப்பட்டிருந்தவை. வெயிலிலும் மழையிலும் நின்று உள்ளே துருவேறி, வெளியே மட்டும் ஆண்டுக்கொருமுறை சாயம் காணும் விமானத்தை மாணவர் ஒருவர் தொட்டுக் கற்க முடியாது.

இவற்றைப் பறக்கவிடுவது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது, அதை மழுப்பக்கூடாது. 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடலோரத்தில் டைகர் மாத் ஒன்றின் இறக்கைகள் வானிலேயே பிரிந்து இருவர் இறந்தனர். உடற்சட்டத்தின் குறுக்கே இறக்கைகளின் விசையைத் தாங்கிப் பிடிக்கும் இழுகம்பிகள் முறிந்திருந்ததும், அவை மூலத் தயாரிப்பாளருடையவை அல்ல என்பதும் விசாரணையில் தெரியவந்தன. 2018 ஆகஸ்டில் ஸ்விட்சர்லாந்தின் மலைப்பகுதியில் யுங்கர்ஸ் 52 என்னும் பழைய பயணிகள் விமானம் விழுந்து 20 பேர் உயிரிழந்தனர். விமானிகள் துணிந்து மேற்கொண்ட ஆபத்தான பறத்தல் அதற்கு முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. எனவே காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றுவதற்கு இந்த விமானங்களை அனுமதிக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளின்மேல் பறக்கவும் தடை இருக்கட்டும். ஆனால் ஆஸ்திரேலிய விபத்துக்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எந்தெந்த விமானத்தில் எந்தத் தயாரிப்பின் கம்பி பொருத்தப்பட்டுள்ளது என்ற கேள்வி மற்ற நாடுகளிலுள்ள உரிமையாளர்களுக்கும் சென்றது. பறக்கும் விமானங்களும் அவற்றின் பதிவுகளும் உரிமையாளர் சங்கங்களும் இருக்கும் இடத்தில்தான் ஒரு விபத்தின் பாடம் மற்றவர்களைச் சென்றடைகிறது.

ஆகவே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் இவ்வேளையில், அதன்கீழ் விதிகள் எழுதப்படும்போது, இந்தியாவில் தயாரான பழைய சிறு விமானங்களுக்கென உரிமையாளரும் ஆய்வாளரும் இணைந்து பராமரிக்கும் எளிய அனுமதி முறை ஒன்றைத் தெளிவாக வகுக்கவேண்டும். தயாரிப்பாளராகிய எச்.ஏ.எல். நிறுவனம் புஷ்பக், எச்.டி.-2 ஆகியவற்றின் வரைபடங்களையும் பராமரிப்புக் கையேடுகளையும் ஆர்வலர் குழுக்களுக்கும் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் நியாயமான விலையில் கிடைக்கச் செய்யவேண்டும். தமிழ்நாட்டில் விமானப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகள் பல உள்ளன. அவற்றுள் இரண்டோ மூன்றோ ஒன்றுசேர்ந்து ஒரு புஷ்பக்கைப் பிரித்துப் பூட்டி, துணி போர்த்தி, எஞ்சினைக் கிளப்பிக் காட்டினாலே போதும். அந்த மாணவர்கள் பெறும் பயிற்சிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிளையிங் கிளப்பில் பயின்ற தந்தையோ தாத்தாவோ விமானத்தின் அருகே நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் நம் வாசகர்கள் பலர் வீட்டில் இருக்கக்கூடும். அவற்றில் இறக்கையிலோ உடலிலோ உள்ள வி.டி. பதிவெழுத்துகள் தெரியும் படங்களை, எடுத்த ஆண்டும் இடமும் குறிப்பிட்டு அனுப்புமாறு தங்கள் நாளிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டால், எந்த விமானம் எங்கே இருந்தது என்ற பட்டியலைத் தயாரிக்கும் வேலையை என் போன்ற ஆர்வலர்கள் அதிலிருந்தே தொடங்கிவிட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.